ஒரே ஒரு இண்டி மேசை

எனக்கு அவள்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதில் எது நியாயம், எது வயிற்றெரிச்சல் என்று படிப்பவர்களே பிரித்துக்கொள்ளட்டும்.

அவளும் நானும் ஒரே இன்ஜினியரிங் காலேஜ். ஆளுக்கொரு ஐ.டி. கம்பெனியில் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஒரே மாதத்தில் வேலையை விட்டோம். வீடியோ கேம் செய்யப் போகிறோம் என்று வீட்டில் சொன்னபோது இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி திட்டு விழுந்தது. திருவானைக்காவலில் ஒரு மாவு மில்லுக்கு மேலே அறை கிடைத்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே மானிட்டர் ஆடும். கீபோர்டைத் தட்டினால் அரிசி மாவு கொட்டும். நான் படம் வரைவேன், அவள் புரோகிராம் எழுதுவாள்.

எங்கள் முதல் கேமில் ஆடுபவர் லால்குடி பஸ்ஸின் கண்டக்டர். அடுத்த ஸ்டாப்பிங் வருவதற்குள் கூட்டத்துக்குள் புகுந்து எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் விசில் ஊதி வண்டியை ஓரங்கட்டலாம், ஆனால் ஜனங்கள் திட்டுவார்கள். அந்தத் திட்டுகளை எழுதியது நான். விற்பனை சுமார்தான். ஆனால் எங்கோ வெளிநாட்டில் கேம்களை வெளியிடும் ஒரு பப்ளிஷர் கம்பெனிக்காரர்கள் அதை ஆடிப் பார்த்துவிட்டு மெயில் அனுப்பினார்கள். அடுத்த கேமுக்குப் பணம் தருகிறோம், பதிலுக்கு ஸ்டூடியோவில் ஒரு பங்கு வேண்டும், வாராவாரம் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றார்கள்.

நான் முடியாது என்றேன். "நாம இண்டிடி. எவன்கிட்டயும் கை கட்டி நிக்க வேணாம்."

"கை கட்ட வேணாம். நீட்டினா போதும்ங்கறாங்க," என்றாள் அவள்.

இண்டி என்பது எங்கள் தொழிலில் பெரிய சொல். பெரிய கம்பெனி எதையும் சாராமல் சொந்த யோசனையில் சொந்த கேமைச் செய்பவர்கள். தேர்தலில் சுயேச்சையாக நிற்பவர்களைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கே கோடு போடுவது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து இடத்தில் போடுவார்கள். அவள் ஒரு இடத்தில் போட்டாள், நான் வேறு இடத்தில் போட்டேன். சண்டை எதுவும் இல்லை. மேசையைத் துடைத்துவிட்டு, "போயிட்டு வரேன்டி" என்று கிளம்பிப் போனாள்.

அந்த பப்ளிஷர் பணத்தில் இப்போது அவளுக்குத் திருச்சி கே.கே. நகரில் இரண்டு மாடி. இருபது பேர் வேலை பார்க்கிறார்கள், ஏ.சி. ஓடுகிறது, மாவு கொட்டுவதில்லை. அவளுடைய புது கேம், ஸ்ரீரங்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு பெண் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பூனை வளர்ப்பது. அரிசி டப்பாவுக்குப் பின்னால், மடித்த பாய்க்குள், தண்ணி மோட்டார் ரூமில் என்று ஒளித்துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேமின் பாதிதான் வெளியாகியிருக்கிறது, அதற்கே எங்கெங்கோ ஆடுகிறார்கள். 'திருச்சியிலிருந்து ஒரு இண்டி ஸ்டூடியோ' என்று எழுதுகிறார்கள். மில்காரருக்குத் தெரியாமல் மாடியில் பூனை வளர்த்தது யார்? நான். யோசனை அவளுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். பூனை என்னுடையது.

சென்னையில் நடக்கும் கேம் கண்காட்சியில் இண்டி ஸ்டூடியோக்களுக்கென்று தனிக் கூடம் உண்டு. இந்த முறை திருச்சிக்கு ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள், ஒன்றே ஒன்று. ஊரில் கேம் செய்கிற நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான், யாருக்கு என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் இரண்டு பேர், அவளும் நானும். எனக்கு அந்த மேசை வேண்டும். கேமைக் காட்ட அவளுக்கு ஆயிரம் இடம் இருக்கிறது. நானும் கேம் செய்கிறவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கே.கே. நகரில் ஒரு காபிக் கடை மாடியில் கூடினோம். முதலில் இண்டி என்றால் என்ன என்று முடிவு செய்துவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். கையோடு மூன்று விதி எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஐந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியாருக்குப் பங்கு இருக்கக் கூடாது. நடுவில் புகுந்து 'இது ஏன் இப்படி' என்று கேட்கும் உரிமை வெளியாள் எவருக்கும் இருக்கக் கூடாது. மூன்றாவதை எழுதும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றும் அவளை வெளியே நிறுத்தவே அளவெடுத்துத் தைத்த சட்டை. அவளும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லோருடைய கேமுக்கும் சத்தம் சேர்த்துக் கொடுக்கும் தாடிக்காரர் ஒருவர் எங்களில் உண்டு. தங்கமான மனுஷன். அவர்தான் கேட்டார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த பெங்களூர் கம்பெனிக்குக் கொழந்தைங்க ஏபிசிடி ஆப் வரைஞ்சு தர்றீங்கல்ல? அவங்க இது ஏன் இப்படின்னு கேக்க மாட்டாங்களா?"

கேட்பார்கள். ஆப்பிள் இன்னும் சிவப்பாக வேண்டும் என்பார்கள். சிவப்பாக்கி அனுப்பினால், இவ்வளவு சிவப்பு வேண்டாம் என்பார்கள். என் வாடகை அந்த ஆப்பிளில்தான் இருக்கிறது.

"அது வயித்துப் பொழப்புங்க. என் சொந்த கேம்ல யாரும் தலையிடறதில்ல."

"சொந்த கேம்னா எதுங்க அக்கா?"

நக்கல் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்த யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், எனக்குக் காது சூடாகிவிட்டது.

"மதகு கேம்," என்றாள் அவள். "வாய்க்கால் மதகைத் தெறந்து மூடி, மொறை வெச்சு ஒவ்வொரு வயலுக்கும் தண்ணி விடணும். மொத மூணு லெவல் எனக்கு அனுப்பினா, ஆடியிருக்கேன். நல்லா இருக்கும். மேசையை அவளுக்கே குடுத்துடுங்க. அந்த விதிப்படி நான் இண்டி இல்லதான்."

அவ்வளவுதான், முடிந்தது. தாடிக்காரர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். மேசை எனக்கு. மூன்று விதி எழுதிப் போராடப் போனவளுக்கு அவள் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பதுபோலத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதற்கும் பொறாமைப்பட்டேன். விட்டுக்கொடுக்கிற அளவுக்கு ஒருத்தியிடம் இருக்கிறதே என்று.

கீழே இறங்கி ஸ்கூட்டியை எடுக்கப் போனபோது அவள் போன் அடித்தது. பப்ளிஷர் கம்பெனிக்காரி. ஒரு நிமிஷம் என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு, தெருச் சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கத்துப் பெண், கேமில் பூனை மாடிக்குப் போனால் ஏன் திரும்பி வர மாட்டேன் என்கிறது என்று கேட்டாள். அது கீழே இருக்கும் சத்தத்துக்குப் பயப்படுகிறது என்று இவள் சொன்னாள். அப்படியானால் அந்தச் சத்தத்தை ஆடுபவர் முன்னாடியே கேட்க வேண்டாமா என்றாள் அந்தப் பெண். இரண்டு பேரும் சிரித்தார்கள். மில் சத்தத்துக்குப் பயந்தது என் பூனை. நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

போனை வைத்துவிட்டு, "வாரம் தவறாம உயிரை எடுக்கறாங்கடி," என்றாள். "இது ஏன் அது ஏன்னு ஒரே நச்சு. நீ குடுத்து வெச்சவ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்கிட்ட யாரும் கேக்கறதில்லடி," என்றேன். "ஆப்பிள் ஏன் செவப்பா இல்லன்னு கேப்பாங்க. மதகைப் பத்தி ஒருத்தர், ஒருத்தரும் கேட்டதில்ல."

வண்டியில் சாவியைப் போட்டிருந்தவள் அதைத் திரும்ப எடுத்துவிட்டாள்.

"சரி, சொல்லு. இப்ப எங்க நிக்குது?"

"நாலாவது லெவல். கடைசி வயலுக்குத் தண்ணி போக மாட்டேங்குது."

"ஏன் போகல?"

மேல் வயல்காரன் மதகை மூடினால் எல்லாத் தண்ணீரும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது என்றேன். ஏன் அவன் முழுசாக மூட வேண்டும், பாதி மூடினால் என்ன என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். மறுபடி கேட்டாள். நான் நிஜமான பதில் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. எத்தனையோ நாளாக மூடிப் போட்டிருந்த அந்த நாலாவது லெவல் என் கண்முன்னால் முழுசாக ஓடியது. மேசை கிடைத்தபோது வராத சந்தோஷம் அப்போது வந்தது. இதைத்தான் அவளுக்குப் போனில் ஒருத்தி வாராவாரம் செய்துகொண்டிருக்கிறாள்.