ஒன்றைக் கீழே வைத்த எண் சார்ட்

வலயக் கல்வி ஆலோசகர் ஐயா, என் வகுப்புப் பிள்ளைக்கு எண் விளக்கம் இல்லை என்று நீங்கள் எழுதியது பிழை. மூன்று கேள்வி கேட்டீர்கள். மூன்றுக்கும் அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். யோசிக்காதது நீங்கள்.

நான் இருபத்தாறு வருடமாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். அன்புவழிபுரத்தில் இருந்து குச்சவெளிப் பக்கம் பஸ்ஸில் போய் வருகிறேன். உங்களுக்கு மட்டுமல்ல, புதிதாக நியமனம் பெற்று வருகிற ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

1. தாண்டு போன சார்ட்

இடப்பெறுமானம் படிப்பிக்க எல்லோரும் நூறு கட்டம் போட்ட எண் சார்ட்டைத்தான் மாட்டுகிறோம். ஒன்று முதல் பத்து வரை மேல் வரி. நூறு அடியில். பிள்ளைகள் தடியால் தொட்டுப் பாட்டுப் போலச் சொல்வார்கள். ஆனால் முப்பத்திநான்கில் உள்ள மூன்று, மூன்று பத்து என்பது பாதிப் பேருக்கு விளங்காது. அதனால் தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி மேசையில் வைத்தேன். ஒரு கட்டைக் கூட்டினால் சார்ட்டில் ஒரு வரி கீழே இறங்க வேண்டும் என்றேன்.

சஜானி எழும்பினாள். ஏழு வயது. தகப்பன் சகாயம் கடற்றொழிலாளி. இறங்குதுறையில் தண்ணீர் மட்டம் பார்க்க இலக்கம் எழுதிய கம்பம் நிற்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை.

"டீச்சர், கூடக் கூட ஏன் கீழ போகுது? கம்பத்தில தண்ணி கூடினா இலக்கம் மேலதானே ஏறுது."

"இந்தச் சார்ட் தண்ணிக்குள்ள தாண்டு போச்சு டீச்சர்," என்றாள் பின் வரிசை வாங்கில் இருந்தவள். வகுப்பே சிரித்தது.

அடுத்த நாள் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாங்களே ஒரு சார்ட் செய்தோம். ஒன்று அடி வரியில், நூறு உச்சியில். ஒரு கட்டு ஈர்க்கைக் கூட்டினால் ஒரு வரி மேலே. ஒரு கட்டை எடுத்தால் ஒரு வரி கீழே. இரண்டு கிழமையில் பிள்ளைகள் சார்ட்டுக்கு முதுகு காட்டி நின்றே பதில் சொன்னார்கள். சஜானிதான் முதல் ஆள்.

2. வடிவாக இருக்க வேண்டுமாம்

வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து நீங்கள் வகுப்புப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஆட்கள் வந்தால் சுவரெல்லாம் புதிதாக மாற்றுவது எங்கள் பள்ளிக்கூடங்களின் பழக்கம். அதிபர் வகுப்புக்கு வந்தார்.

"டீச்சர், அந்தக் கிழிஞ்ச சார்ட்டைக் கழட்டுங்கோ. வடிவா இருக்கோணும்."

கழற்றினேன். அச்சடித்த சார்ட்டை மாட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அது என் பிழை. மறைக்க மாட்டேன்.

நீங்கள் மூன்று பிள்ளைகளைச் சார்ட்டுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தீர்கள். மற்ற இருவரிடமும் அடுத்த எண், முந்திய எண் கேட்டீர்கள். அது எந்தச் சார்ட்டிலும் ஒன்றுதான். சஜானியிடம் மட்டும் ஐம்பத்தேழுக்கு நேர் கீழே என்ன என்றீர்கள். நாற்பத்தேழு என்றாள். முப்பத்திரண்டுக்கு மேலே? நாற்பத்திரண்டு. எண்பதுக்குக் கீழே? எழுபது. எங்கள் சார்ட்டின்படி மூன்றும் சரி. உங்கள் தாளில் பிழை என்று மூன்று புள்ளடி விழுந்தது.

நான் கழற்றிய சார்ட்டை அலுமாரியில் இருந்து எடுத்து வந்து விரித்துக் காட்டினேன். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

"ஊருக்கொரு சார்ட் வைக்க ஏலாது டீச்சர். பிள்ளைக்கு விளக்கம் இல்லை. எழுதியாச்சு."

"ஈர்க்கைக் குடுத்துக் கேளுங்கோ சேர். ஒரு நிமிசம்."

"எனக்கு இன்னும் ரெண்டு ஸ்கூல் கிடக்கு," என்று ஃபைலை மூடினீர்கள்.

3. சகாயத்தின் கேள்வி

ஒரு மாதத்தில் படிவம் வந்தது. சஜானியை நகரத்தில் உள்ள விசேட கல்வி அலகுக்கு மாற்றப் பரிந்துரை. பெற்றோர் ஒப்பமிட வேண்டும். அந்த அலகு தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே படிப்பிக்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் சஜானி அங்கே போக வேண்டியவள் அல்ல.

நான் சகாயத்தின் வீட்டுக்குப் போனபோது அவர் படிவத்தையும் பேனையையும் கதிரையில் வைத்திருந்தார். வலயக் கந்தோர்க்காரர் எழுதினதைத் தான் எப்படி மறுக்கிறது என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். சஜானி ஈர்க்குக் கட்டுகளை அடுக்கி, கேட்ட எண்ணை எல்லாம் பிரித்துக் காட்டினாள். அவர் படிவத்தைக் கையில் எடுத்தார்.

"அவர் எழுதினது பிழையெண்டு நீங்கள் எழுதித் தருவீங்களா டீச்சர்? உங்கட பேர் போட்டு?"

"ஓம், தாறன்."

"அப்ப நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அதற்காக அதிபர் என்னிடம் விளக்கம் கேட்டார். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

சஜானி இப்போது தரம் மூன்றில் இருக்கிறாள். நூறு, பத்து, ஒன்று என்று பிரித்து எழுதுகிறாள். ஆனால் உங்கள் அறிக்கை இன்னும் அவளுடைய பள்ளிக்கூடக் கோவையில் கிடக்கிறது. இனி வருகிற ஒவ்வொரு ஆசிரியரும் முதலில் அதைத்தான் வாசிப்பார். அதை எடுக்கச் சொல்லி உங்களுக்கு இரண்டு கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை.

இளம் ஆசிரியர்களே, புள்ளடி போட முன்னர் "எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். சுவரில் இருப்பதை மாற்றினால் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நான் சொல்லாததற்கு ஒரு பிள்ளை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆலோசகர் ஐயா, அடுத்த வலய ஆசிரியர் கூட்டத்துக்கு நானும் வருவேன், சகாயமும் வருவார். என் பிழையை நான் எல்லோர் முன்னாலும் சொல்வேன். அந்த அறிக்கையை மீளப் பெறுகிறீர்களா, இல்லையா? மேடையில் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.