ஒன்பது மணி வரை நின்ற கறிவேப்பிலை வண்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாக மனசுக்குள் இழுபறி. எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத வராது என்பதெல்லாம் சாக்கு. எழுதினால் என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னது பொய்யாகிவிடுமே என்ற பயம்தான் நிஜம்.

காரமடைப் பக்கம் எங்களுக்குக் கறிவேப்பிலைத் தோட்டம். எங்கள் பக்கத்தில் யார் பேசினாலும் ஒரே பெருமை: காலையில் ஏற்றினால் பாலக்காடு வழியாக மதியம் கொச்சி, ரயில் இருக்கிறது, ஏர்போர்ட் ஒரு மணி நேரம், கோயமுத்தூரிலிருந்து எதையும் எங்கேயும் அனுப்பலாம். நானும் நம்பினேன். நம்பித்தான் கெட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை முதல் தடவையாக எங்கள் இலை விமானம் ஏற இருந்தது. அதுவரை உள்ளூர் வியாபாரி வைத்ததே விலை. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் ஒருவர், "பத்தரைக்குள்ள பெட்டி ஏர்போர்ட்ல இருக்கோணுங்க. இது சரியாப் போனா வாராவாரம் உங்க இலைதான்" என்றிருந்தார். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் என் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் மருந்தடிப்பதைக் குறைத்து, செடி செடியாகப் பார்த்து வளர்த்திருந்தார்.

விடியலில் அறுத்து, கட்டி, பெட்டியில் அடுக்கி முடித்தபோது ஏழேகால். சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் வாங்கி ஓடி வருவதற்குள் ஏழரை தாண்டி ராகு காலம் பிறந்துவிட்டது.

"ஏனுங்க, ஒம்போது வரைக்கும் வண்டி நகரக் கூடாதுங்க."

"ஏம்புள்ள, இலை என்ன பஞ்சாங்கம் பாத்தா வாடும்?" என்றார் அவர்.

"மொதல் சரக்குங்க. ஒரு மணி நேர ரோடு. பத்துக்கெல்லாம் போயிரலாமுங்க."

வண்டி ஓட்ட வந்த கோட்டைமேட்டு பாய் சிரித்தார். "அக்கா, எனக்கு ராகுவும் கேதுவும் சரவணம்பட்டி சிக்னல்லதானுங்க நிக்குது. இப்பவே போனா ரெண்டு பேரையும் தாண்டிப்போடலாம்."

நான் சாவியை வாங்கிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டேன்.

ஒன்பதுக்குக் கிளம்பினோம். நானும் ஏறிக்கொண்டேன். துடியலூரிலேயே காலேஜ் பஸ் வரிசை. சரவணம்பட்டியில் கம்பெனிக்குப் போகிற கூட்டம், தோண்டிப்போட்ட ரோடு, பாதியை மறித்த தகரம். ஏர்போர்ட் இருக்கிறது, ரயில் இருக்கிறது, போய்ச் சேரத்தான் வழியில்லை. அரங்கநாதா, அரங்கநாதா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சேர்ந்தபோது பதினொன்று. "இன்னைக்குச் சரக்கு எடுத்து முடிஞ்சுதுங்க" என்றார்கள். அனுப்புகிறவர் போனில் கேட்டுக்கொண்டு வைத்தவர்தான், பிறகு கூப்பிடவே இல்லை. இலையைத் திரும்பக் கொண்டுவந்து பழைய வியாபாரிக்கே போட்டோம்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவர், "ரோடு கெடுத்துப்போடுச்சுங்க" என்றார். சொந்தக்காரர்களிடமும், விவசாயிகள் கூட்டத்தில் அதிகாரிகளிடமும் அதேதான். சாவி எங்கே இருந்தது என்று வாயே திறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ரோடு இன்னும் அப்படித்தான் கிடக்கிறது, அந்த எரிச்சல் எனக்குத் தீரவில்லை. பெருமாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராகு காலத்தில் இன்றைக்கும் நான் படி இறங்க மாட்டேன். அடுத்தவர் வண்டியை மட்டும் நிறுத்துவதில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் ரோட்டை மட்டும் திட்டிவிட்டு என்னை விட்டுவிடாதீர்கள். என்னைச் சொல்லிவிட்டு ரோட்டையும் விட்டுவிடாதீர்கள். கூட்டாமல் குறைக்காமல், நான் எழுதியபடியே சொல்லுங்கள்.