கிளை வெட்ட ஆள் இல்லை

பர்மாவில், பசுந்தாங் வட்டார டீக்கடை வாசலில் ஆலமரத்தின் கிளை ஒன்று தகரக் கூரையை இடிக்கிறது. மரத்தில் நாட் என்னும் காவல் ஆவி குடியிருப்பதால் வெட்ட யாரும் வரவில்லையாம். என்னோடு வந்த அயர்லாந்துக்காரர் அரைமணி நேரமாக இதைக் கேலி செய்கிறார். பொறியாளர் வேறு.

கடைக்காரர் கோ மணி அரிவாளை நீட்டுகிறார். "அவருக்குத்தான் பயம் இல்லையே ஸார். வெட்டச் சொல்லுங்க."

நான் மொழிபெயர்த்ததும் அயர்லாந்துக்காரரின் கைகள் பாக்கெட்டுக்குள் போகின்றன. அவர் ஊரில், வயலில் தனித்து நிற்கும் முள்மரம் குட்டித் தேவதைகளின் சொத்தாம். அதை வெட்டிய சித்தப்பாவுக்குக் கை விளங்காமல் போயிற்றாம். "அது வேறு. அது உண்மையில் நடந்தது" என்கிறார்.

இவ்வளவுதானா உங்கள் வீரம் என்று கேட்டுச் சிரிக்கிறேன்.

மணி அரிவாளை என் பக்கம் திருப்புகிறார். "அப்ப நீங்க வெட்டுங்க ஸார்."

காலி டம்ளரை எடுத்து நிதானமாகக் குடிக்கிறேன்.