பாதை எழுதாத உறுதி

காணி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து யோசனை கேட்கிறார்கள். தண்ணீர் நிற்குமா, மண் சரியுமா, உறுதிப் பத்திரம் சுத்தமா என்று எப்படிப் பார்ப்பதாம். முதலில் பாதை யாருடையது என்று கேளுங்கள் என்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் எல்லாவற்றுக்கும் பயந்து, பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் இருந்தவள்தான்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோடு என் வீட்டுக்காரர் வாய்த்தகராறு பண்ணியதில் வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை வெட்டினார்கள். புருஷன் பேர் போனால் பெண்சாதி பேரும் போகும், அதுதான் தோட்டத்து வழக்கம். பெரிய மழை பிடிக்குமுன் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லித் தோட்டத்துத் துரை ஆள் அனுப்பினார். வீட்டுக்காரருக்குக் கொட்டகலையில் மரம் விற்கிற ஒரு மரக்காலையில் வேலை கிடைத்தது. பிரஜாவுரிமைப் பத்திரம் வந்த கொஞ்சப் பேரில் அவரும் ஒருவர். அதனால் சொந்தமாகக் காணி வாங்கி வீடு போட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

கடைவீதிக்கு மேலே ஒரு சில்லறைக் கடைக்காரர் தன் காணியின் பின்பாதியை விற்க இருந்தார். பத்து பேர்ச், ஒரு வீட்டுக்குப் போதும். மூலையில் ஒரு பீலி, வெயில் காலத்திலும் ஊற்றுத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும். அவரே போஞ்சிக் கொடியைக் கையால் ஒதுக்கி, தன் வீட்டு வாசல் வழியாகக் கூட்டிப்போய்க் காட்டினார். "பாத்து வாங்கம்மா, வழுக்கும்" என்றார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் கேட்காத கேள்வி இல்லை. மேலே இருக்கிற மண் இறங்குமா, எல்லைக்கல்லை யார் நட்டது, இதே காணியை வேறு யாருக்காவது விற்றிருக்கிறாரா என்று அவரைக் குடைந்து எடுத்தேன். பாதையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. தோட்டத்தில் பிறந்த எங்களுக்குக் கால் பட்ட இடமெல்லாம் பாதை. தேயிலைக்குள் புகுந்து, லயத்துக்குப் பின்னால் இறங்கி, யார் வாசலையும் தாண்டிப் போவோம். மலை முழுக்கத் துரையுடையது. நடக்கிறதை மட்டும் யாரும் தடுத்ததில்லை.

உறுதி எழுதி முடிந்த அடுத்த வாரம், கதவு நிலையையும் தகரத்தையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் வாசலில் புது வேலி. நடுவில் கேட்டு, அதில் பூட்டு.

"இது என்னங்க மொதலாளி?" என்றார் வீட்டுக்காரர்.

"கேட்டு."

"அது தெரியுது. நாங்க எப்படிப் போறது?"

"அத நீங்க யோசிச்சிருக்கணும். காணியத்தான் வித்தேன், என் வாசலையுமா வித்தேன்?"

"அன்னைக்கு இந்த வழியாத்தானே கூட்டிப் போனீங்க?"

"பின்ன, வீட்டுக்கு வந்தவங்கள கூரை மேலயா ஏத்திக் கூட்டிப் போவாங்க?"

உள்ளே அவர் சம்சாரம் சிரித்தது எனக்குக் கேட்டது.

காணிக்கு மேல்பக்கம் வேறொரு தோட்டத்துத் தேயிலை. காவல்காரன் கத்தியைக் காட்டினான். இன்னொரு பக்கம் ஓடை. ஓடைக்குள் இறங்கித் தகரத்தைத் தூக்கினோம். காற்று தகரத்தைப் பிடுங்கியதில் வீட்டுக்காரரின் உள்ளங்கை கிழிந்தது. கதவு நிலை ஏறவே இல்லை. மழையும் பிடித்துவிட்டது. தோட்டத்திலிருந்து ஆள் வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் சாமானை எடுக்காவிட்டால் வெளியில் போடுவோம் என்று சொல்லிப் போனான்.

கடைக்காரரிடமே மறுபடி போனோம். பீலி இருக்கிற மூலையை எழுதிக் கொடுத்தால் வழி விடுகிறேன் என்றார். முதல் நாளே அவர் மனதில் இருந்தது அதுதான்.

"தண்ணியக் குடுத்துட்டு எதக் குடிக்கிறது?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"தண்ணிய வெளியில இருந்து தூக்கிட்டு வரலாங்க. வழியத் தூக்கிட்டு வர முடியுமா?" என்றேன்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு வழிக்கு மூன்றடி அகலம் என்று எழுதப் போனார். நான் நாலாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் மூன்றடி எவ்வளவு என்று தெரியும்.

"ஐயா, மூணடியில பாடை போகுமா?"

நொத்தாரிசு பேனாவைக் கீழே வைத்தார்.

"வீடே கட்டல, அதுக்குள்ள பாடையா?" என்றார் கடைக்காரர்.

"போகலன்னா உங்க வாசல்லதான் எறக்கி வைப்போம், மொதலாளி."

அவர் முகம் கறுத்தது. ஐந்தடி ஆயிற்று. இலக்கத்தில் எழுதினால் யாராவது திருத்திவிடுவார்கள் என்று பயந்து எழுத்திலும் எழுதச் சொன்னேன். மூன்று தரம் வாசிக்க வைத்தேன். அவசரத்தில் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், நொத்தாரிசு சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை போனபோது பூட்டு இல்லை, கேட்டு அப்படியே இருந்தது.

"தெறந்துதானே கெடக்கு, போங்களேன்" என்றார் கடைக்காரர்.

"தெறக்கிறது மூடும். கழட்டுங்க."

"நீ வா புள்ள, மழை" என்று வீட்டுக்காரர் இழுத்தார். நான் நகரவில்லை. தலையில் சட்டி பானை, புடவை முழுக்கத் தண்ணீர். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கேட்டைக் கழற்றினார். கட்டைகளையும் பிடுங்கச் சொன்னேன். அதையும் பிடுங்கினார்.

கதவு நிலையை ஆட்கள் தூக்கிக்கொண்டு அந்த வழியாக ஏறினார்கள். பின்னால் போன நான், இரண்டு பக்கமும் எத்தனை விரல்கடை மிச்சம் என்று பார்த்துக்கொண்டே போனேன். அன்றைக்கு நாலு கட்டை நட்டு மேலே தகரம் போட்டோம். சுவர் பிறகுதான் வந்தது.