உச்சியிலேயே வெடித்துவிட்ட சரம்

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு உயிரு. ஒண்ணு அவரு சைக்கிள். இன்னொண்ணு, வெளிநாட்டுல சைக்கிள் ரேஸ் ஓட்டுற ஒருத்தன். என்னை எந்தக் கணக்குல வச்சிருக்காருன்னு நான் கேட்டதில்ல. வம்பை விலை குடுத்து வாங்குவானேன்!

இவரும் அவனும் ஒரே வருசம் விழுந்தாக. அவன் ஏதோ மலை இறக்கத்துல, இவரு ஆமத்தூர் வளைவுல மணல் சறுக்கி. ரெண்டு பேருக்கும் தொடை எலும்பு. அவன் மறு வருசமே சைக்கிள் ஏறிட்டான். இவரு, டாக்டர் தாராளமா ஓட்டுங்கன்னு சொன்ன பிறகும், சைக்கிளைப் பழைய போர்வை போட்டு மூடிட்டாரு. கேட்டா கால் வலியாம். வலியாவது மண்ணாவது, பயம். ஞாயித்துக்கிழமை காலைல கூட்டாளிக தெருவுல மணியடிச்சுக்கிட்டுப் போகையில, இவரு தூங்குற மாதிரி சுவரைப் பாத்துப் படுத்திருப்பாரு.

போன மாசம் ஒரு சாயங்காலம் கூட்டாளிக எல்லாம் எங்க வீட்டு டிவி முன்னால. ரேஸ்ல அந்த ஆளு கடைசி மலைல எல்லாரையும் பின்னால விட்டுட்டுத் தனியா ஏறுறான். எங்க வீட்டுக்காரருக்கு வேகம் வந்துருச்சு.

"இவன் மட்டும் ஜெயிக்கட்டும்லே, ஆத்தா சத்தியமா இருக்கன்குடி கோயிலுக்கு சைக்கிள்லயே வாறேன்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. பேரு கூட வாயில நுழையாத அந்த வெள்ளைக்காரனுக்காக மாரியாத்தாளைக் கும்பிட ஆரம்பிச்சேன்.

கூட்டாளிகள்ல ஒருத்தரு பட்டாசுக் கம்பெனிக்காரரு. கையோட கொண்டாந்த சரவெடியைத் தெருவுல நீட்டி விரிச்சு, ஊதுபத்தியோட வெளியவே நின்னுட்டாரு. எங்க ஊருல சந்தோசம்னா முதல்ல திரியைக் கிள்ளுவோம். என்ன விசயம்னு பிறகுதான் கேப்போம்.

அவன் முதல் ஆளா உச்சியைத் தொட்டான். உள்ள எல்லாரும் ஓன்னு கத்துனாக. வெளிய நின்னவரு ஜெயிச்சாச்சுன்னு பத்த வச்சுட்டாரு.

"ஏலே, அது உச்சிதாம்லே! இன்னும் இறக்கம் கிடக்குலே!"

எங்க வீட்டுக்காரரு உள்ள இருந்து கத்துனது யாரு காதுல விழும்? திரியில நெருப்பு ஏறிட்டா நம்ம கையிலயா இருக்கு? வீடு பூரா புகை. பக்கத்து வீட்டு அக்கா "என்ன விசேசம்?"னு ஓடி வந்துட்டாக.

புகை அடங்குனப்ப, டிவில அவன் பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கிக்கிட்டிருந்தான். பின்னால வந்தவன் விர்ருன்னு தாண்டிப் போயிட்டான்.

"பயப்படுறான்லே," எங்க வீட்டுக்காரரு மெதுவாச் சொன்னாரு.

இறக்கம் முடிஞ்சு சமதளம் வந்துச்சு. நம்ம ஆளு குனிஞ்ச தலை நிமிராம மிதிச்சான் பாருங்க! ரேஸ் முடியுற கோட்டுக்குப் பக்கத்துல, தாண்டிப் போனவனைப் பிடிச்சு, ஒரு சக்கர அளவுல முந்திட்டான். ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக் குதிக்காக. சரி, வெடி? பட்டாசு ஊருல, ஜெயிச்சதுக்குப் போட ஒரு ஊசி வெடி கூட மிச்சமில்ல! பட்டாசுக்காரரு தலையைச் சொறிஞ்சாரு.

எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சாரு. மூலைக்குப் போயி போர்வையை உருவுனாரு. தும்மிக்கிட்டே மணியை அடிச்சாரு பாருங்க, கிணிங் கிணிங்னு நிறுத்தாம. எனக்குக் கண்ணு நிறைஞ்சுருச்சு.

"டயர்ல காத்தே இல்ல புள்ள. பம்பை எங்கன வச்ச?"

எங்கன வச்சேனா? கதவுக்குப் பின்னாலதான். வாரா வாரம் தூசி தட்டி அங்கனயேதான் வச்சிருந்தேன்.