டெஸ்டிங் பாட்டு

என் வீட்டுக்காரர் மாதவராஜைப் பாப்பாரப்பட்டி பக்கத்தில் முகத்தை வைத்துத் தெரிந்தவர்களைவிடச் சத்தத்தை வைத்துத் தெரிந்தவர்கள் அதிகம். மைக்செட் போடுகிறவர். திருவிழா, கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் டெம்போவில் பெட்டிகளோடு போய் இறங்குவார். ஒயரை இழுத்துக் கட்டி, கரண்ட் கொடுத்ததும் முதலில் ஒன்றை வைப்பார். வாயால் பாடுகிற பாட்டு இல்லை. ஒருத்தன் கிதாரைக் கரண்டில் சொருகி அதன் உயிரை வாங்குகிற சத்தம். அது அரை நிமிஷம் ஓடும். அதைக் கேட்டுக்கொண்டே இவர் பந்தல் முழுக்க நடப்பார். ஒரு விரலைத் தூக்கிக்கொண்டே நடப்பார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிற்கும், இவரோடு வேலை செய்யும் தர்மன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். விரல் இறங்கியதும் வெட்டிவிட்டுப் பிள்ளையார் பாட்டுக்குப் போய்விட வேண்டும். மைக்செட்டில் முதல் பாட்டு பிள்ளையாருக்குத்தான், அதில் யாரும் கைவைக்க முடியாது. அதனால் கிதார்காரனுடையது பாட்டுக் கணக்கிலேயே சேராது. அது டெஸ்டிங். ஊர் ஊராக அதற்கு டெஸ்டிங் பாட்டு என்றே பேராகிவிட்டது.

சும்மா சொல்லவில்லை. பென்னாகரம் ரோட்டில் ஒரு ஊரில் தர்மன் தனியாகப் போய் வேறு ஏதோ சினிமாப் பாட்டை வைத்துச் சோதித்தான். "என்னாப்பா, செட்டு இன்னும் ரெடியாவலையா, டெஸ்டிங் பாட்டே வரலியே" என்று ஊர்க்காரர்கள் பூசைத் தட்டை வைத்துக்கொண்டே நின்றார்களாம். சின்னப் பிள்ளைகள் வாயாலேயே "டொய்ய்ங்" என்று இழுத்துக்கொண்டு டெம்போவுக்குப் பின்னால் ஓடிவரும். ஆனால் அரை நிமிஷத்துக்கு அப்புறம் அதில் என்ன வருகிறது என்று இந்த ஜில்லாவில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

அந்தக் கிதார்காரன் பேர் என் வாயில் நுழையாது. நான் வைத்த பேர் கம்பிக்காரன். கிதார் என்றால் இவன்தான் என்று உலகமெல்லாம் பேர் வாங்கி, செத்தும் போய்விட்டான். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு இவர் பெங்களூருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனபோது, கடைக்காரர் பெட்டியைச் சோதிக்க அவனுடைய கேசட்டைத்தான் போட்டாராம். அடிச்சத்தமும் உச்சிச்சத்தமும் ஒன்றிலேயே இருக்கிறது, இதை வைத்தால் எந்தப் பெட்டியின் கோளாறும் தெரிந்துவிடும் என்றாராம். இவர் அந்தக் கேசட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பிடித்தது சனி. கேசட் போய் சிடி வந்து, சிடி போய் பென்டிரைவ் வந்து, இப்போது போனில் அவன் வாசித்தது அத்தனையும் கிடக்கிறது. ஸ்டூடியோவில் வாசித்தது, மேடையில் வாசித்தது, வீட்டில் உட்கார்ந்து சும்மா தட்டிப் பார்த்தது, செத்த பிறகு பெட்டியைக் குடைந்து எடுத்துப் போட்டது என்று என்னென்னவோ. சேர்த்து வைத்தாரே ஒழிய, அதில் பாதிகூடக் கேட்கவில்லை. விடிய விடிய ஊருக்குப் பாட்டுப் போட்டுவிட்டு வருகிற மனுஷனுக்கு வீட்டில் தூக்கம்தான் வரும்.

"வயசானப்பறம் நெதானமா, ஒன்னுல இருந்து வரிசையாக் கேக்கறன் பானு" என்பார்.

"நல்லாக் கேளுங்க. அப்ப நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடறன்" என்பேன்.

முதலில் எனக்குச் சந்தேகம் வந்தது குக்கரில். மூன்று விசில் வந்ததும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே விசில் சத்தம் காதைக் கிழிக்கிறது. ஓடிவந்து பார்த்தால் இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருக்கிறார். பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது.

"ஏங்க, காதைக் கழட்டி எங்கியாவது வச்சிட்டீங்களா?"

"ஒரு விசில்கூட வரல பானு. சத்தியமா வரல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அப்போதுதான் குக்கர் மறுபடியும் ஒரு விசில் விட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

அதற்கப்புறம் எங்கள் ஊர்க் கருப்பண்ணன் வீட்டுக் கல்யாணம். நானும் போயிருந்தேன். டெஸ்டிங் பாட்டு ஆரம்பித்ததுமே பந்தலில் இருந்த பெண்கள் காதைப் பொத்தினார்கள். தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு. இவரோ முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மந்தமா இருக்குதுடா, இன்னுங் கொஞ்சம் ஏத்து" என்று சொல்லிச் சொல்லி உச்சிச்சத்தத்தையே கூட்டச் சொல்கிறார்.

"மாமா, கிழியுதுங்க மாமா" என்றான் தர்மன். இவருக்குத் தூரத்துச் சொந்தம், தொழிலில் கூட்டாளி.

"உனக்கு என்னடா தெரியும்? தள்ளு" என்று இவரே போய்க் குமிழைத் திருகினார். தொட்டிலில் இருந்த குழந்தைகள் வீல் என்று அழ ஆரம்பித்தன. கருப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "மாதவராஜு, தயவுபண்ணி நிறுத்திடுப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். தர்மன் இவருடைய கையைக் குமிழிலிருந்து எடுத்துவிட்டான். சபையில் அத்தனை பேரும் பார்த்தார்கள். மறுநாள் இவர் பெட்டிகளை எல்லாம் பிரித்துப்போட்டு, கோளாறு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். அங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போகப் பட்ட பாடு பெரும்பாடு. காது டாக்டரிடம் கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்று இருந்தது. இவரை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும் என்று சொன்னாள் அங்கே வேலை செய்யும் பெண். ஹெட்போனைத் தலையில் வைத்ததும் இவருக்கு ஒரு மிடுக்கு வந்துவிட்டது, நம்ம தொழில் ஆயிற்றே என்று. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதலில் விரல் ஏழெட்டு முறை டக்டக்கென்று எழுந்தது. பிறகு அந்தப் பெண் பட்டனை அழுத்துகிறாள், விரல் எழவில்லை. இன்னொன்று அழுத்துகிறாள், எழவில்லை. அடுத்த காதுக்கு மாற்றி அழுத்துகிறாள். இவர் நேராக உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலைத் தயாராக வைத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார்:

"அடுத்தது எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். வருஷக்கணக்காகப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றதால் நரம்பு போய்விட்டது, உச்சிச்சத்தம் போனது போனதுதான், திரும்பாது. காதில் மெஷின் வைத்தால் பேச்சுக் கேட்கும், பாட்டு பழையபடி கேட்காது. இனி மைக்செட் பக்கம் போகக் கூடாது. ஹெட்போனில் சத்தமாக வைத்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

பஸ் தர்மபுரியைத் தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"செட்டு போனாப் போவுது பானு. தர்மன் பாத்துக்குவான். ஆனா அவன் வாசிச்சதுல பாதிய நான் கேக்காமயே வச்சிருக்கறனே."

அடப்பாவி மனுஷா, உன் தொழில் போயிற்று, காது போயிற்று, கவலை கம்பிக்காரனைப் பற்றியா என்று கத்த வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் டாக்டர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். வாழ்நாள் முழுக்க ஊராருக்காகப் பாட்டு வைத்தவர். தனக்கென்று எடுத்து வைத்தது அது ஒன்றுதான்.

ஹெட்போனை நான் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் மட்டும் எடுத்துக் கொடுப்பேன், சத்தத்தை நான்தான் வைப்பேன், கூட்டினால் பிடுங்கிவிடுவேன் என்று கண்டிஷன். அவர் சம்மதித்தார். இப்போது புதுப் பிரச்சினை. கொஞ்ச நேரம்தான் என்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது? சத்தம் குறைத்து வைத்தால் கேட்பதில்லை, கூட்டினால் காதைத் தின்கிறது. கேட்கிற ஒவ்வொன்றுக்கும் காது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிறது. போனை வைத்துக்கொண்டு மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்ப்பார், எதையும் தொடமாட்டார்.

எங்கள் மகள் காவியா ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். அவளிடம் சொன்னேன். அவள் ஆபீசில் கிதார் வாசிக்கிற ஒரு பையனிடம் கேட்டுக்கொண்டு போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே பிடித்தேன்.

"அப்பா, புதுசாக் கேக்கறவங்க மொதல் ரெக்கார்டுல ஆரம்பிக்கணுமாம். அப்பறம் மேடைல வாசிச்சது. செத்தப்பறம் வந்ததெல்லாம் கடைசியாக் கேட்டாப் போதுமாம்."

இவர் தலையாட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்கறான். ஆனா நான் புதுசாக் கேக்கறவன் இல்லியே கண்ணு. கடைசியாக் கேக்கறவன்."

காவியா அந்தப் பக்கம் விசும்புவது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. "லைன் கட்டாயிடுச்சா?" என்று என்னைக் கேட்டார்.

ஆனாலும் அந்தப் பையன் சொன்னபடியே முதல் ரெக்கார்டை வைத்தோம். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். காலால் தாளம் போட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தாளம் நின்றது. நெற்றி சுருங்கியது. ஹெட்போனை அழுத்தி அழுத்திப் பிடித்தார். பிறகு கழற்றித் தரையில் எறிந்துவிட்டார்.

"மோளந்தான் கேக்குது. கீழ வாசிக்கும்போது இருக்கறான், மேல ஏறுனதும் காணாமப் போயிடறான். எனக்கு அவன் மேல ஏறறதுதானே வேணும்!"

பத்து நாள் யாரோடும் பேசவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் எழுந்துவிடுவார். தர்மன் மாரியம்மன் திருவிழாவுக்குச் சொல்ல வந்தான், அவனையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கத்துகிற புருஷனைச் சமாளித்துவிடலாம், இப்படி உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது?

ஒரு நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் என் வாயைப் பார்க்கிற மாதிரி உட்கார வேண்டும், அதற்குள் அது எனக்குப் பழகிவிட்டது.

"ஏங்க, அந்த டெஸ்டிங் பாட்டு இருக்குதே, அரை நிமிசத்துக்கு அப்பறம் அதுல என்னா வரும்?"

நிமிர்ந்தார். "நீ கேட்டதே இல்லியா?"

"எங்க வுட்டீங்க? அதுக்குள்ளதான் பிள்ளையார் வந்துடுவாரே."

எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தார். "மோளமெல்லாம் ஒவ்வொன்னா நின்னுடும் பானு. கம்பி மட்டும் தனியா மேல போவும். போயி, உச்சில நின்னுக்கும். ஒரே இழுப்பு. அதோட முடிஞ்சிடும். அன்னிக்குக் கடையில எனக்கு மயிர்க்கூச்செடுத்துடுச்சு."

"அப்ப அதுலயே ஆரம்பிக்கலாம். ஹெட்போன் வேணாம். நான் கேட்டுச் சொல்றன்."

"நீயா?" என்றார். நம்பாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தார்.

சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் சொருகி எனக்குப் பின்னால் வைத்தேன். கிதார் அலறிக்கொண்டு ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று "டொய்ய்ங்" என்றது. இந்தச் சத்தத்தை எத்தனை கோயில் வாசலில் கேட்டிருப்பேன், எத்தனை முறை "எழவு சத்தம்" என்று திட்டியிருப்பேன். அவர் வழக்கம்போல விரலைத் தூக்கினார். என் மனசு தன்பாட்டில் பிள்ளையார் பாட்டுக்குக் காத்திருந்தது. வரவில்லை. மேளம் ஒவ்வொன்றாக நின்றது. அவர் சொன்னது அப்படியே நடந்தது.

"வந்துட்டானா?" என்றார்.

"வந்துட்டான்."

"மேல போறானா?"

"போறான்."

அந்தக் கம்பி போனது பாருங்கள், மெல்லிசாக, தனியாக, இனி மேலே இடமே இல்லை என்கிற இடம்வரைக்கும் போய் நின்றது. ஒரு பொம்பளை வாய்விட்டு அழுவதற்கு முன்னால் மூச்சை இழுத்துப் பிடிப்பாளே, அப்படி நின்றது. இவ்வளவு அழகான ஒன்றையா இந்த மனுஷன் எனக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு அலைந்தார்? இதையா நான் எழவு என்றேன்? என் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. எனக்குக் கேட்கிறது. அவருக்குக் கேட்கவில்லை.

"நின்னுட்டானா?"

தலையை ஆட்டினேன்.

"முடிஞ்சதும் சொல்லு" என்றார்.

அது தேய்ந்து, தேய்ந்து, நின்றுபோனது. பக்கத்து வீட்டுப் பிள்ளை உள்ளே போய்விட்டது. தெருவில் ஒரு பைக் போனது. முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் விரலைத் தூக்கியபடியே, சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.