பதினொன்றாம் வகுப்பு இல்லாத ஊர்

அறுபதுகளின் கடைசியில் நான் பள்ளிப் படிப்பை முடித்தபோது எனக்குப் பதினைந்து வயது. எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த என் மாமன் மகனுக்கும் அதே வயதுதான். இருவரும் ஒரே வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். ஆனால் அவனுக்கு இன்னும் ஒரு வருடம் பள்ளிக்கூடம் பாக்கி இருந்தது. எனக்கு மூளை அதிகம், அதனால் சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்வேன். அவன் சிரிப்பான்.

இது ஏன் இப்படி என்று பெரியவர்கள் யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் இருந்தது கேரளத்துச் சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கோடி. எங்களுக்குச் சந்தை அந்தப் பக்கம், குலதெய்வம் அந்தப் பக்கம், பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்தப் பக்கம். அரிசி மூட்டையோடு செக்போஸ்டைத் தாண்டும்போதுதான் நடுவில் ஒரு மாநில எல்லை இருப்பதே நினைவுக்கு வரும்.

அப்பா என்னைக் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யு.சி. சேர்க்கக் கூட்டிப் போனார். பி.யு.சி. என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி.க்கு அடுத்தது அது என்று மாமன் வீட்டில் சொல்லிக் கேட்டிருந்தோம், அவ்வளவுதான். தோட்டத்துத் தேங்காய் நாலைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அந்தப் பெரிய கட்டடத்தில் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நாள் முழுவதும் சுமந்தார்.

ஆபீஸ் வாசலில் நீண்ட வரிசை. அப்பாவை அதில் நிற்க வைத்துவிட்டு நான் மெல்ல நழுவினேன். வராந்தாக் கோடியில் ஓர் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கொக்கியில் ஒரு முழு எலும்புக்கூடு. அலமாரியில் கண்ணாடிக் குப்பிகள், அவற்றில் பாம்பு, தவளை, ஒன்றில் பிறக்காத ஆட்டுக்குட்டி. எங்கள் பட்டியில் எத்தனையோ ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன. வயிற்றுக்குள் குட்டி எப்படிப் படுத்திருக்கும் என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியதுதான் மிச்சம். இங்கேயோ அதைக் குப்பியில் வைத்தே பாடம் நடத்துகிறார்கள்! காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தது. குளம்புகூட வந்திருந்தது. இந்த அறைக்குள் போய்விட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றியது. எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் முறை வந்தபோது குமாஸ்தா என் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"பத்து வரைக்குந்தானுங்க இருக்குது. பதினொண்ணு எங்கீங்க?"

அப்பா புத்தகத்தை வாங்கி, விரலில் எச்சில் தொட்டு, கடைசித் தாளைப் பிரித்துப் பார்த்தார். "தாளு ஏதாச்சும் ஒட்டியிருக்குமுங்க." எதுவும் ஒட்டவில்லை. "அப்ப ஊட்டுல உளுந்து கெடக்குமுங்க. நாளைக்குக் காத்தால கொண்டாந்து குடுத்தர்றனுங்க."

எந்த ஊர் என்று விசாரித்த பிறகுதான் குமாஸ்தாவுக்கு விஷயம் பிடிபட்டது. அவர் பொறுமையாகவே சொன்னார். "உங்க பக்கம் பள்ளிக்கூடம் பத்தோட சரிங்க. அப்புறம் காலேஜுல ரெண்டு வருசம். இங்க பதினொண்ணு முடிச்சுட்டு, காலேஜுல ஒரு வருசம் பி.யு.சி. பாப்பா இந்தப் பக்கம் வந்து பதினொண்ணு படிக்கோணும். இல்லீன்னா பாலக்காட்டுலயே அந்த ரெண்டு வருசத்த முடிச்சுட்டு நேரா டிகிரிக்கு வரோணும்."

திரும்பும் பஸ்ஸில் அப்பா அந்தப் புத்தகத்தை மறுபடி மறுபடி புரட்டிக்கொண்டே வந்தார். எனக்கோ வேறு குடைச்சல். அந்தப் பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்குத் தெரியாத எதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

விஷயம் கேள்விப்பட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மாமன் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் முடிவையே சொல்லிவிட்டார். "பொண்ணு நம்மூட்டுல இருந்து பதினொண்ணு படிக்கட்டும். இங்கன்னா ரெண்டு வருசம், அங்க ஒரே வருசம்." இரண்டைவிட ஒன்று குறைவு என்று அப்பாவும் தலையாட்டினார். நான் குதிக்காத குறை. அம்மா மட்டும் என்னை அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

"வயசுக்கு வந்த புள்ள முறைப்பையன் ஊட்டுல போயி இருந்தா, கல்யாணம் பேசி முடிச்சாச்சுன்னுதான் ஊரு சொல்லும். அதோட பதினொண்ணுதான் உனக்குக் கடைசிப் படிப்பு, தெரிஞ்சுக்க."

"அப்ப மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லும்மா."

"பொறந்தவன்கிட்ட அந்தச் சொல்ல நான் எப்படிச் சொல்லுவேன்? உங்கப்பா சொன்னா சம்பந்தமே அறுந்து போகும்."

நான் சொன்னால் வாயாடி என்று பேர் வரும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல ஆளே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பெரியவர்கள் இலையில் உட்கார்ந்தார்கள். மாமன் மகன் தன் புதுப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களைக் கொண்டு வந்திருந்தான். மோட்டார் ரூம் பக்கத்தில் அவற்றையும் என் பத்தாம் வகுப்புப் புத்தகங்களையும் பரப்பி வைத்துப் பார்த்தோம். அவன் இனிமேல் படிக்கப்போகும் பாடங்கள் சில எனக்கு ஏற்கெனவே முடிந்திருந்தன. சிலவற்றை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவனிடம் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னேன். "கண்ணு தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?" என்று கேட்டான். மூடியிருந்தது என்றேன். அம்மா சொன்னதையும் அப்படியே சொல்லிவிட்டேன்.

அவன் ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் எழுதினான். பத்தும் இரண்டும், பதினொன்றும் ஒன்றும்.

"ரெண்டும் பன்னெண்டுதானே? அப்பா பி.யு.சி.ய உட்டுட்டுக் கணக்குப் போட்டுட்டாரு. எப்படிப் போனாலும் டிகிரிக்கு ஒரே வருசந்தான் போவோம்."

கணக்கில் நூற்றுக்கு எண்பத்தேழு வாங்கியிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

அவன் உள்ளே போய் அதையே சொன்னான். மாமன் சோற்றைப் பிசைந்தபடி, "கணக்கு கெடக்குது உடு. பொண்ணு நம்மூட்டுக்கு வரட்டும்" என்றார். படிப்புக்காக அவர் அழைக்கவில்லை என்பது எல்லோர் காதிலும் விழுந்தது. அம்மா ரசப் பாத்திரத்தோடு நின்றுவிட்டாள்.

"எனக்கு அவ வேண்டாமுங்கப்பா" என்றான் அவன்.

மாமன் எச்சில் கையாலேயே அவன் கன்னத்தில் அறைந்தார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருக்க, மகனை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆறு மாதம் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரமே அப்பா என்னைப் பாலக்காட்டில் சேர்த்தார். கேட்டது கிடைத்துவிட்டது. நானோ அவர்கள் கிளம்பிப் போன அன்றே மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தேம்பித் தேம்பி அழுதிருந்தேன். அதுவரை மாப்பிள்ளையாக நினைத்தே பார்த்திராத ஒரு பையன் என்னை வேண்டாம் என்றதற்காக!

இரண்டு வருடம் கழித்து அந்தக் கோயம்புத்தூர்க் கல்லூரியிலேயே விலங்கியல் சேர்ந்தேன். அவன் பி.யு.சி.யோடு நிறுத்திவிட்டுத் தோட்டம் பார்க்கப் போனான், வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. விசேஷ வீடுகளில் பார்த்தால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவோம். மழை, தேங்காய் விலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் கேட்பேன். அன்று அவன் சொன்னது நிஜமா என்று மட்டும் கேட்டதில்லை. ஆமாம் என்று சொன்னாலும் எனக்குத் தாங்காது, இல்லை என்று சொன்னாலும் தாங்காது.